சட்டைப் பையில் ஒரு டிராயிங் மாஸ்டர்: ஹொகுசாய் மங்கா, பாக்கெட் பதிப்பு

மாப்பிள்ளை கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஒசாகாவில் இருந்துவிட்டு வந்தார். மகளுக்குக் கைப்பை, என் வீட்டுக்காரிக்குக் காய் நறுக்கும் கத்தி, எனக்கு ஒரு காகிதப் பை. "கடையில இதைப் பார்த்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு மாமா" என்று நீட்டினார். உள்ளே மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். பின்னட்டையில் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. பரிசுக்கு விலை கேட்கக் கூடாதுதான். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கிவிட்டு விலை கேட்காமல் என்னால் இருக்க முடியாது. மூன்றாவது தடவை கேட்டபோது, "மூணும் சேர்த்து நம்மூர்ல நல்ல ஓட்டல்ல நாலு பேர் சாப்பிடுற காசு, விடுங்க மாமா" என்றார்.

அந்தக் கணக்கு எனக்குத் திருப்தி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சனி, ஞாயிறு காலைகளில் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லித்தருகிறேன். எட்டு மாதமாக இந்தப் புத்தகங்கள் அந்தத் திண்ணையில்தான் கிடந்து அடிபடுகின்றன. முதல் பாகத்தின் முதுகு வெடித்துவிட்டது. அவ்வளவு புழங்கிய பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தின் பெயர் 'ஹொகுசாய் மங்கா'. ஹொகுசாய் என்பவர் பழைய ஜப்பானிய ஓவியர். கியோட்டோவில் இருக்கும் செய்கென்ஷா என்ற பதிப்பகம் போட்டது. முதல் பாகத்தில் எடோ காலத்து, அதாவது ஹொகுசாய் வாழ்ந்த காலத்து, ஜப்பான் மனிதர்கள். இரண்டாவதில் செடி கொடி, மீன், பறவை, மலை, தண்ணீர். மூன்றாவதில் பேய், பூதம், தெய்வம், இன்னும் என்னென்னவோ விசித்திரம். குறிப்புகள் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். மற்றபடி படம், படம், படம்.

'மங்கா' என்ற சொல்லை அட்டையில் பார்த்ததும் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை தெரியும்: பெரிய கண், கூரான தலைமுடி, கையில் கத்தி. திறந்து பார்த்தவுடன் முகம் தொங்கிப்போனது. குடுமி வைத்த ஒருவன் மரம் இழைக்கிறான். இன்னொருவன் மூட்டை தூக்குகிறான். "சார், இதுல கதையே இல்லையே" என்றான் ஒரு பையன். கதை இல்லைதான். ஹொகுசாய் காலத்தில் அந்தச் சொல்லுக்கு, மனம் போன போக்கில் போட்ட படங்கள் என்று பொருள். இன்றைய படக்கதைக்கும் இதற்கும் முக்கால்வாசி பெயர்ப் பொருத்தம்தான்.

ஹொகுசாய் என்றால் நம் எல்லோருக்கும் அந்தப் பேரலைப் படம் ஞாபகம் வரும். டீஷர்ட், ஃபோன் கவர், ஓட்டல் சுவர் என்று அது போகாத இடம் இல்லை. அதை அவர் போட்டது 1831 வாக்கில், எழுபது வயதை ஒட்டி. அதற்குப் பல வருஷம் முன்பே இந்த மங்கா புத்தகங்கள் அவர் கையை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தன. நான்கூட அலையைத்தான் முதலில் பார்த்தேன். ரசித்தேன், அதோடு சரி. அலையைப் பார்த்து நான் எதையும் வரையக் கற்றுக்கொள்ளவில்லை. அது முடிந்துபோன படம், நமக்கு அதில் வேலை இல்லை. மங்கா வேறு ஜாதி.

விஷயம் 1812-ல் தொடங்குகிறது. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கிளம்பிய ஹொகுசாய் நகோயாவில் போய்த் தங்குகிறார். இடம் கொடுத்தவர் மாகி போகுசென் என்ற சாமுராய். அவரும் படம் போடுகிறவர், இவருக்குச் சீடர். அங்கே இருந்த நாட்களில் ஹொகுசாய் போட்டுத் தள்ளிய படங்கள் முந்நூறு சொச்சம். அதே ஊரில் எய்ராகுயா தோஷிரோ என்ற பதிப்பாளர் இருந்தார். 1814-ல் அவர் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது விற்ற வேகத்தைப் பார்த்து அடுத்தது, அதற்கு அடுத்தது என்று 1819-க்குள் பத்துப் பாகம் வந்துவிட்டது. மொத்தம் 15 பாகம். கடைசி மூன்று 1849-ல் ஹொகுசாய் இறந்த பிறகு வந்தவை. பதினைந்தாவது 1878-ல், மீதமிருந்ததோடு அடுத்தவர் படங்களையும் கலந்து ஒப்பேற்றியது. ஆள் போய் 29 வருஷம் ஆகியும் பெயருக்குச் சந்தை இருந்திருக்கிறது. எல்லாப் பாகத்தையும் சேர்த்தால் உருவங்கள் நாலாயிரத்தைத் தொடும்.

மூன்றே மை: கறுப்பு, சாம்பல், வெளிறிய தோல் நிறம். பார்ப்பதற்கு அடக்கமாக, நேர்த்தியாக இருக்கிறது. அதன் பின்னால் காசுக் கணக்கும் இருக்கிறது. மரப்பலகை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு பலகை செதுக்க வேண்டும். நிறத்தைக் குறைத்தால் பலகை குறையும், கூலி குறையும், விலையும் இறங்கும். வாங்க முடியாதவர்களுக்கு இருக்கவே இருந்தது வாடகைப் புத்தகம். 1808 கணக்குப்படி எடோவில் மட்டும் 656 வாடகைப் புத்தகக்காரர்கள். முதுகில் புத்தக அடுக்கைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்களாம். அதைப் படித்தபோது எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரிதான் நினைவுக்கு வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருப்பார் கடைக்காரர். கதையை அம்மா படிப்பாள், நான் படத்தைப் பார்ப்பேன். திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு படத்தையாவது எடுத்துவிட வேண்டும். காகிதத்தில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதைப் படத்தின் மேல் வைத்துக் கோட்டை ஓட்டிவிடுவேன். ட்ரேஸிங் ஷீட் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. கடைக்காரர் எண்ணெய்க் கறையைக் கண்டுபிடித்து ஒரு தடவை காதைத் திருகியிருக்கிறார்.

இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு ஜப்பானில் 'எதெஹொன்' என்று பெயர். பார்த்து வரைவதற்கென்றே போட்ட படப் புத்தகம். ஹொகுசாய் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1795-லேயே குவகாதா கெய்சாய் என்பவர் நாலைந்து கோட்டில் ஒரு ஆளை நிறுத்திக் காட்டும் புத்தகம் போட்டிருக்கிறார். 'என்னைப் பார்த்துத்தான் ஹொகுசாய் போடுகிறார்' என்கிற தோரணையில் கெய்சாய் குறைபட்டுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. நியாயமான குறைதான் என்பது என் கட்சி. அந்தச் சிக்கனக் கோட்டுக்கு முன்னோடி கெய்சாய்தான். ஆனால் ஹொகுசாய் கையில் ஆள் எடை உள்ளவன் ஆகிவிடுகிறான். மூட்டை தூக்கினால் முட்டி வளைகிறது.

நகோயா போன அதே 1812-ல் ஹொகுசாய் இன்னொரு பயிற்சிப் புத்தகமும் வெளியிட்டார். காம்பஸும் ஸ்கேலும் வைத்து, வட்டம், சதுரம் என்று கட்டம் கட்டமாக உருவம் எழுப்புகிற முறை. எங்கள் காலத்து ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் தேர்வுக்குப் படித்தவர்கள் அதைப் பார்த்தால் வீட்டுக்குப் போன மாதிரி உணர்வார்கள். மங்காவில் அந்த மாதிரி பாடம் இல்லை. முதல் படி, இரண்டாம் படி எதுவும் கிடையாது. ஒரு பக்கத்தில் ஏழெட்டு ஆள், பத்துப் பன்னிரண்டு மீன், அவ்வளவுதான். நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார். தலைப்போடு சேர்த்து 'தென்ஷின் கைஷு' என்று நாலு எழுத்து இருக்கும். உயிரைக் கடத்து, கையைத் திற என்பது மாதிரியான பொருள். நாங்கள் 'பையனுக்குக் கை வந்திடுச்சு' என்போமே, அதில் பாதி இதுதான்.

இங்கே என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன்.

புதிதாக வருகிற எந்தப் பிள்ளையிடமும் முதல் நாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதைப் போடு" என்பேன். 31 வருஷமாக ஒரே படம்தான் வருகிறது. இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், அதற்குக் குச்சி குச்சியாகக் கதிர். வானத்தில் ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி நாலு பறவை. மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு. ஒரு குடிசை, ஒரு தென்னை. நான் இருப்பது காவிரிப் படுகை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே கிடையாது. பிள்ளைகளில் பாதிப் பேர் மலையை நேரில் பார்த்ததே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தன அந்த இரண்டு மலையும்?

எனக்குத் தெரிந்து, கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் தொங்குகிற டிராயிங் புத்தகத்திலிருந்துதான் அதில் பெரும்பங்கு வந்தது. இடது பக்கம் கலர் படம், வலது பக்கம் வெறும் கோடு. ஒரு தலைமுறை அதைப் பார்த்துப் போட்டது, அடுத்த தலைமுறை அக்காவின் நோட்டைப் பார்த்துப் போட்டது. யார் வரைந்தார்கள் என்று பெயர்கூட இருக்காது. அந்தப் புத்தகத்தை மட்டமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் கையும் அதில்தான் தொடங்கியது. ஒரு சின்னப் புத்தகம் இத்தனை கோடிக் கைகளை ஒரே மாதிரி வளைத்துவிட முடியும் என்பதுதான் திகைப்பு. எடோவிலும் அதே கூத்துதான் நடந்திருக்க வேண்டும், மலிவுப் புத்தகம், ஊர் முழுக்க நகல். அங்கே அந்த மலிவுப் புத்தகத்தை வரைந்தவர் ஹொகுசாயாக அமைந்துவிட்டார்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பெரிய ஓவிய ஆல்பம் இருந்தது. வழவழப்பான தாள், தூக்கவே இரண்டு கை வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கும், சாவி தலைமையாசிரியர் மேஜையில். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளியே வரும், மாலையில் உள்ளே போய்விடும். பிள்ளைகள் அதைத் தொட்டதில்லை. தொட்டால் அழுக்காகும், யார் பதில் சொல்வது? டிராயிங் பீரியடையே கணக்குக்குக் கொடுத்துவிடுகிற இடத்தில் இதையெல்லாம் கேட்டால் எடுபடுமா? ஆகவே நாலு பேர் சாப்பாட்டுக் காசு என்றதும் எனக்கு நிம்மதி. பாழானால் பாழாகட்டும் என்று திண்ணையில் போட முடிகிற விலை. இங்கே இறக்குமதியாக வாங்கினால் இன்னும் கூடத்தான் ஆகும். இருந்தாலும் ஆல்பம் விலை ஆகாது.

பழைய பாகங்கள் பல, பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் இலவசமாகவே இருக்கின்றன. பிறகு ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று மகளே கேட்டாள். ஃபோனை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் படம் போட்டுப் பாருங்கள். ஒரு காலை வரைந்து முடித்துவிட்டு அடுத்த காலைப் பார்க்க நிமிர்ந்தால் திரை இருட்டாகியிருக்கும். விரலில் இங்க். தொட்டால் திரை அழுக்கு, தொடாவிட்டால் படம் இல்லை. இரண்டு தடவை இப்படி ஆனதும் பையன் படத்தை மறந்துவிட்டு வீடியோவுக்குப் போய்விடுவான். புத்தகம் திறந்தபடியே கிடக்கும்.

கிடக்கும் என்று சொன்னது கொஞ்சம் பொய். இந்தப் பதிப்பின் பெரிய குறையே அதுதான். சின்ன அகலம், தடித்த முதுகு. விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. நாங்கள் இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போட்டோம், அம்மிக் குழவியை வைத்துப் பார்த்தோம், கடைசியில் முதல் பாகத்தின் முதுகை நானே அழுத்தி உடைத்தேன். நடு மடிப்பில் வருகிற உருவங்களுக்குக் கை கால் உள்ளே போய்விடுகின்றன. அசலில் ஒரு பக்கத்தின் உயரம் 23 சென்டிமீட்டர் போல. இதில் 15. மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டதால் கொசுக்கால் மாதிரிக் கோடுகள் இன்னும் மெலிந்து, எனக்குக் கண்ணாடி போட்டாலும் போதவில்லை. மீன் செதிலுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது.

அடுத்த குறை, ரசனை சம்பந்தப்பட்டது. அசல் பாகங்களில் ஒரு கதம்பத்தனம் உண்டு. ஒரு பக்கம் முனிவர், திருப்பினால் தவளை, அதற்கடுத்து ஏர் கலப்பை. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இந்தப் பதிப்பில் மனிதன் ஒரு பக்கம், இயற்கை ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கிவிட்டார்கள். தேடுவதற்குச் சௌகரியம். பறவை வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்தை எடுத்தால் போதும். ஆனால் மனம் போன போக்கில் என்று பெயர் வைத்த புத்தகத்தைப் பலசரக்குக் கடை மாதிரி டப்பா டப்பாவாக்கினால் எப்படி?

அளவுக் குறைக்கு நான் கண்ட வைத்தியம் ஜெராக்ஸ் கடை. 150 சதவீதம் பெரிதாக்கினால் ஏறக்குறைய அசல் அளவுக்கு வந்துவிடும், ஏ4 தாளிலும் அடங்கும். காப்பிரைட் பயமும் இல்லை, ஹொகுசாய் போய் 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைக்காரத் தம்பி முதல் தாளைப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன, யோகாசனமா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அது 'சிட்டுக்குருவி ஆட்டம்' என்கிற படம், அசலில் மூன்றாம் பாகத்தில் வருவது. அகலத் தொப்பி போட்ட ஆட்கள் வரிசை வரிசையாக ஆடுகிறார்கள். ஒருவன் காலை மடக்கியிருக்கிறான், ஒருவன் முதுகைக் காட்டுகிறான், ஒருவன் இரண்டு கையையும் விரித்துக் குதிக்கிறான். பலருக்கு முகமே தெரியாது, தொப்பி மறைத்துவிடும். இதைத்தான் நான் முதலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நம் பிள்ளைகள் ஆளைப் போடச் சொன்னால் முகத்தில் ஆரம்பிப்பார்கள். கண், கண் இமை, உதடு என்று அரை மணி நேரம் அதிலேயே கழியும். பிறகு உடம்பு என்று ஒரு பெட்டி. முகம் இல்லாத ஆளைக் கொடுத்தால் வேறு வழியில்லாமல் முதுகையும் முட்டியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 4-ஆம் நம்பர் பிரஷ், இந்தியன் இங்க், பழைய நியூஸ் பேப்பர். பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. "அழிக்கக் கூடாதா சார்?" என்று ஒரே அழுகை. மூன்றாவது வாரம் கேள்வி நின்றுவிட்டது.

எட்டாம் பாகத்தில் இருந்து வரும் குண்டு ஆட்களின் படம் திண்ணையில் எல்லோருக்கும் செல்லம். தொப்பையும் மடிப்புமாக ஒரு பக்கம். பக்கத்திலேயே விலா எலும்பு தெரிகிற ஒல்லி ஆட்கள். குண்டானவர்களைக் கேலி செய்கிற படம் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்க, கேலி இரண்டாம்பட்சம், சதை எந்த இடத்தில் மடியும் என்பதில் அந்த மனுஷருக்கு இருந்த ஆசைதான் தெரிகிறது. பன்னிரண்டாம் பாகத்திலிருந்து ஒரு படம்: ஒரு சாமுராய் கக்கூஸில் உட்கார்ந்திருக்கிறார், வெளியே காவல் நிற்கும் வேலைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. குளிக்கிற பெண்களின் படங்களும் உண்டு. எதுவும் ஆபாசமாக என் கண்ணுக்குப் படவில்லை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கித்தருகிறவர்கள் ஒரு தடவை புரட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஒரு ஏழாம் வகுப்புப் பெண், வாயைத் திறந்து பேசாதவள். நாலைந்து வாரம் குண்டு ஆட்களையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவள் தாத்தா. ஈஸி சேரில் மத்தியானத் தூக்கம், ஒரே தாளில் ஆறு தடவை. ஒன்றில் வாய் திறந்து, ஒன்றில் தலை சாய்ந்து, ஒன்றில் வேட்டி முட்டிக்கு மேல் ஏறி. கோடு கோணல்தான். ஒரு கை மற்றதைவிட நீளம். ஆனால் கழுத்து சாய்ந்த விதத்தில் அந்த மனிதர் நன்றாகத் தூங்குகிறார் என்று தெரிந்தது. முப்பது வருஷம் பிளாக்போர்டில் பூச்சாடியைப் பாதிக்குப் பாதி சரியாக வரையச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இப்படி ஒரு தாத்தாவை யாரும் போட்டுக் காட்டியதில்லை. அவள் அப்பாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கு சார். டிராயிங் ஹையர் எக்ஸாமுக்கு இது வருமா?" என்றார். வராது என்று சொன்னேன்.

நகல் எடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இன்னொரு பையன், கெட்டிக்காரன், ஹொகுசாய் கோட்டை அச்சாகப் பிடித்துவிட்டான். பிடித்த பிறகு அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. எங்கள் தெரு இளநீர்க்காரரைப் போடச் சொன்னால் அவருக்கும் குடுமி முளைக்கிறது, கண் சாய்கிறது. இரண்டு மலைக்குப் பதில் இப்போது எடோக்காரன். அவனுக்கு மட்டும் இரண்டு மாதம் புத்தகத்தை மறைத்து வைத்தேன்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கே பிறகுதான் உறைத்தது. மரப்பலகை அச்சுக்காக மெல்லிய தாளில் எழுதிய படத்தைப் பலகையில் குப்புற ஒட்டி, அதன் மேலேயே உளியை ஓட்டுவார்கள். செதுக்கி முடிக்கும்போது அந்தத் தாள் போயே போய்விடும். அதாவது அந்தப் படங்களுக்கு அசல் என்று தனியாக ஒன்று மிஞ்சாது. நகோயாவில் வாங்கியவன் கையில் இருந்தது எதுவோ, அதுதான் அசல். பிள்ளைகள் பிரஷ்ஷில் பிடிக்கப் பார்க்கிற அந்தக் கூர்மையான கோட்டு முனை பாதி ஹொகுசாயுடையது, பாதி செதுக்கியவருடையது. நம் பிரஷ்ஷில் அது அப்படியே வரவில்லை என்றால் நம் கை குற்றம் மட்டுமே இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

இந்தப் பரம்பரைக்கே பெரியப்பா மாதிரி ஒரு சீனப் புத்தகம் இருக்கிறது: 1679-ல் முதல் பகுதி வந்த 'கடுகு விதைத் தோட்டம்' என்கிற ஓவியப் பயிற்சி நூல். மரம், பாறை, மலை என்று ஒவ்வொன்றையும் எப்படிப் போடுவது என்று பிரித்துக் காட்டுவது. ஜப்பானுக்கும் போனது, அங்கேயும் அச்சானது. பிற்காலத்தில் சீனாவின் பெரிய ஓவியராகப் பெயர் வாங்கிய ச்சி பைஷி (1864-ல் பிறந்தவர்) அடிப்படையில் தச்சர். அப்போது ஓவியத்துக்கு வாத்தியார் கிடையாது. வேலைக்குப் போன வீடு ஒன்றில் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி, அதுவும் முழுசாக இல்லாதது, கண்ணில் பட்டது. இரவல் வாங்கி, பகலெல்லாம் மர வேலை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு படமாக மேலே தாள் வைத்து எடுத்தார். அரை வருஷம் பிடித்தது. எடுத்ததைத் தைத்தபோது 16 கட்டு வந்ததாம். எண்ணெய்த் தாளை வைத்துக் காதைத் திருகிக்கொண்டவன் என்ற முறையில் இந்த மனுஷர் மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. 1856-ல் பாரிசில் ஒரு அச்சுக்காரர் வீட்டில் ஃபெலிக்ஸ் ப்ராக்மோன் என்ற ஓவியர் மங்காவின் ஒரு பாகத்தைப் பார்த்து மயங்கினார் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ என்னவோ, பத்து வருஷம் கழித்து அவர் செய்த பீங்கான் தட்டுகள் உண்மை. ஹொகுசாயின் மீன், பறவை, இறாலையெல்லாம் அள்ளிச் சாப்பாட்டுத் தட்டுகளில் போட்டார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பார்த்து வரைவதற்கென்று போட்ட புத்தகம், அதைத்தானே அவரும் செய்தார்!

சரி, வாங்கலாமா? மூன்றையும் வாங்கத் தேவையில்லை. படம் போடப் பழகுகிறவர்கள் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், மனிதர்கள் அதில்தான். இரண்டாவது, கோலம், எம்ப்ராய்டரி, துணி டிசைன் செய்கிறவர்களுக்கு ரொம்பப் பயன்படும். தண்ணீர், மழை இதையெல்லாம் வெறும் கோட்டில் எப்படிக் காட்டுவது என்று அதில் பார்க்கலாம். மூன்றாவது வேடிக்கைக்கு. வரலாறு படிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிப்பு போதாது, எந்தப் படம் எந்தப் பாகத்திலிருந்து என்று வைத்துப் பார்க்க வேறு புத்தகம் தேட வேண்டும். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் அலைப் படத்தை ஃபிரேம் போட்டுக்கொள்ளலாம். மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. முதுகுக்கு ஒன்று, பிரித்து அடுக்கியதற்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தை அந்தக் கெட்டிக்காரப் பையன் தீபாவளி லீவுக்குக் கேட்டு வாங்கிப் போனான். மனிதர்களே இல்லாத பாகம்தானே என்று கொடுத்தேன். போன வாரம் திருப்பிக் கொடுத்தான். அவன் போனபிறகு புரட்டினேன். மீன்கள் வரும் பக்கத்தில், அங்கிருந்து நாலு தாள் வரைக்கும் ஊடுருவி, ரூபாய்க் காசு அளவில் ஒரு எண்ணெய் வட்டம். முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய். அந்த வித்தையை நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவன் பாட்டியைக் கேட்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.